பென்சில் கணக்கு

இங்கே திங்கள் அதிகாலை நாலு,
அங்கே இன்னும் ஞாயிறு மாலை.
கொட்பே ஐஸ் கொம்பனியின் கண்ணாடிக் கூண்டுக்குள்
பில் புத்தகத்தோடு நான்.
தொலைபேசிக்குள் தம்பியின் மகள் தர்மிகா,
மேலுதடு வீங்கி, பல்லுறையைக் கையில் பிடித்தபடி
சிரிக்கிறாள்:
"மாமி, இண்டைக்கு எனக்கு மூண்டும் விழுந்திட்டுது!"

எது மூண்டு?

தான் அடித்த கோல் ஒன்று.
இன்னொருத்திக்கு எடுத்துக் கொடுத்த கோல் ஒன்று.
ஒரு அடிபாடு.
எல்லாம் ஒரே ஆட்டத்துக்குள்.

அதற்கு யாரோ பழைய ஆட்டக்காரரின் பேராம்.
அவரே கைவிரலில் எண்ணக்கூடிய தடவைதான் செய்தாராம்.
ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.
கோலை எழுதுவார்கள்,
கொடுத்தவள் பெயரை எழுதுவார்கள்,
அடித்ததற்குத் தண்டனை நிமிடங்களை எழுதுவார்கள்,
மூன்றையும் கூட்டிக் கீழே ஒரு கோடு இழுப்பதற்கு மட்டும்
ஒரு கட்டமும் இல்லை.
அதைச் சனம் தானே கூட்டிக்கொள்ளும்.

"ஏனடி அடிச்சனி?"
"எங்கட கோலியை விழுத்திப்போட்டு
மேல ஏறி நிண்டவள், மாமி."
பிறகு, ஏதோ கோயில் நியமம் சொல்வதுபோல்:
"கையுறையைக் கழட்டி எறிஞ்சுபோட்டுத்தான் அடிக்கோணும்.
அதுதான் முறை."

கூண்டுக்கு வெளியே மஞ்சள் வெளிச்சம்.
அச்சிலிருந்து பார் கழன்று விழும்போதெல்லாம்
தரை ஒருமுறை இருமும்.
பஸ்தியாம்பிள்ளை கொளுக்கியால் ஒரு தட்டுத் தட்ட
ஐம்பது கிலோ ஐஸ்
ஈரச் சீமெந்தில் ஓசையில்லாமல் ஓடி
அரைப்பான் வாய்க்குள் நேரே போய் விழும்.
காலில் தேய்ந்த பாட்டாச் செருப்பு.
இந்தப் பதினொரு வருடத்தில்
அவர் குறி தப்பி நான் கண்டதில்லை.

அன்றும் தப்பவில்லை.
அடுத்த பாரை அவர் அரைப்பானுக்குத் தள்ளவில்லை,
பக்கவாட்டில் நளீருக்குத் தள்ளினார்.
கிண்ணியாப் பெடியன், வேலைக்கு வந்து நாலாம் நாள்,
மூன்று நாளும் சுவரைத்தான் இடித்துக்கொண்டிருந்தவன்.
ஓடிவந்த பாரை அவன் கொளுக்கி தொட்டது,
திருப்பியது,
உள்ளே!
லொறிக்காரர்கூட விசில் அடித்தார்கள்.

அப்போதுதான் லீனஸ் முதலாளியின் ஆள்
பாதி உடைந்த பார்கள் ஒன்பதை
நளீரின் வாப்பாவுடைய ஒருநாள் படகுக்கு ஒதுக்கிவிட்டு
"முழுசெண்டு எழுது பிள்ளை" என்று
என் கண்ணாடியில் தட்டினான்.
நளீர் ஏதோ கேட்டான்.
அவன் நளீரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.
தரை வழுக்கல். பெடியன் மல்லாக்க.

பஸ்தியாம்பிள்ளை அவசரப்படவில்லை.
கொளுக்கியைச் சுவர் ஆணியில் மாட்டினார்.
ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தார்.
பிறகு திரும்பி,
வெறுங்கையால்,
ஒன்று.

அரைநாள் சம்பளம் வெட்டு.
காரணம் என்ற கட்டத்தில் "ஒழுக்கம்" என்று
மனேஜர் சொல்ல நானே எழுதினேன்.
அந்தச் சொல் என் எழுத்தில்
இத்தனை வடிவாக இதற்குமுன் வந்ததில்லை.

பிறகு புத்தகத்தைத் திருப்பி
பின்னட்டையின் உட்பக்கத்தில்
பென்சிலால் மூன்று கோடு போட்டேன்.
பக்கத்தில் "பஸ்." கீழே திகதி.

தர்மிகாவுக்கு அனுப்பினேன்.
பதில் உடனே வந்தது:
"சூப்பர்! உங்களுக்கு எத்தினை, மாமி?"

எனக்கா?
பதினொரு வருடமாய் மற்றவர்களின் பார்களை எண்ணுகிறேன்.
ஒன்பது உடைசலையும் அன்று
ஒன்பது முழுசென்றுதான் எழுதியிருந்தேன்,
மை காயவும் இல்லை.
அதை வெட்டி நாலரை என்று திருத்தினேன்.

எட்டு மணிக்கு மனேஜர் புத்தகத்தைப் புரட்டினார்.
வெட்டிய இடத்தைப் பார்த்தார்.
பின்னட்டையைப் பார்த்தார்.
"இது என்ன கணக்கு?"
"கொம்பனிக் கணக்கில்லை, சேர்."
"ரெண்டையும் அழி."

அழிறப்பரை என் பக்கம் சுண்டிவிட்டார்.
மேசைக் கண்ணாடியில் அது வழுக்கி வந்து
என் சுண்டுவிரலில் முட்டி நின்றது.

நான் இரண்டு கைக் காப்பையும் கழற்றி
லாச்சிக்குள் வைத்து மூடினேன்.